ரோட்டுக்கு அடியில என்ன குழாய் போடுறது?

பட்டணத்துல இருக்குற சொந்தக்காரங்க ஊருக்கு வந்தா, "ரோடு நல்லா போட்டுட்டாங்களே!" என்பதைத்தான் முதல்ல சொல்வாங்க. மேல கறுப்பா, வழவழன்னு இருந்தா அவங்களுக்கு அது நல்ல ரோடு. எங்களுக்கு ஒரு ரோடு நல்லதா கெட்டதான்னு ஐப்பசி மாசம்தான் தெரியும். வயக்காட்டுக்கு நடுவுல போற ரோடுங்கறது ஒரு பெரிய வரப்பு, அவ்வளவுதான். மேற்க இருக்குற வயல்ல நிக்கிற மழைத்தண்ணி கிழக்க இருக்குற வடிவாய்க்காலுக்குப் போகணும்னா, அந்த வரப்புல எங்கயாவது ஒரு வாய் இருக்கணும். அந்த வாய் எவ்வளவு அகலம், எந்த மட்டத்துல இருக்கு, எதால செஞ்சிருக்கு - இந்த மூணுலதான் எங்க சம்பா இருக்கு.

எங்க ஊர் காவிரியோட கடைமடை. நிலம் பலகை மாதிரி தட்டை. தண்ணி ஓடுறதுக்கு வாட்டமே கம்மி. அரை அடி மட்டம் தப்பிச்சுன்னா தண்ணி ஓடாது, நிக்கும். நட்டு இருபது நாள் ஆன பயிர் ஒரு வாரம் முழுக்க மூழ்கிக் கிடந்தா அழுகிப் போயிடும். அப்புறம் மறு நடவுக்கு நாத்தும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது.

இப்போ எங்க ஊர் ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க. ரோட்டுக்கு அடியில போற வடிகாலுக்கு என்ன குழாய் போடுறதுன்னு டீக்கடையில ஒரு மாசமா பட்டிமன்றம் நடக்குது. சிமெண்ட் குழாய்தான்னு ஒரு கட்சி. பிளாஸ்டிக் குழாய் வந்துடுச்சு, அதுதான் நூறு வருஷம் இருக்கும்னு இன்னொரு கட்சி. இந்த வாதத்தைக் கேட்டுக்கிட்டே இருந்ததுல, இந்தக் குழாய்களோட பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல ஒரு ஆச்சரியம் இருந்துச்சு. ரோட்டுக்கு அடியில போடுற குழாயைப் பத்தின அறிவு ரோடு போட்டவங்ககிட்ட இருந்து மட்டும் வரல. பாதிக்கு மேல வயக்காட்டுல இருந்து வந்தது.

முதல்ல குழாய்க்கு முந்தின காலம். டெல்டாவுல கல் கிடையாது. கல் வேணும்னா திருச்சி, புதுக்கோட்டை பக்கமிருந்து வண்டி கட்டிக் கொண்டு வரணும். அதனால இங்க பழைய மதகு எல்லாம் செங்கல், சுண்ணாம்பு. வளைவா கட்டி, மேல மண் போட்டு, அதுக்கு மேல ரோடு. வெள்ளைக்காரன் காலத்து மதகுகள் இன்னும் நிறைய இடத்துல லாரியைத் தாங்கிக்கிட்டு நிக்குது. காரணம் ரொம்ப எளிமை. வளைவுல விழுற பாரம் செங்கலை அழுத்துமே தவிர இழுக்காது. செங்கல்லுக்கு அழுத்தினா பயமில்ல. உள்ள கம்பியும் கிடையாது. கம்பி இல்லாததால துருப்பிடிக்க ஒண்ணுமில்ல. கடல் ஓரமா, உப்புத் தண்ணி ஏறுற எங்க மண்ணுக்கு இது பெரிய விஷயம். மதகோட பக்கச் சுவர்ல உட்கார்ந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம்ங்கறது எஸ்டிமேட்ல எழுத முடியாத இன்னொரு வசதி.

அந்தக் காலத்துல இன்னொண்ணும் இருந்துச்சு. வாய்க்காலையும் ரோட்டையும் ஒரே இலாகா பார்த்துச்சு. பொதுப்பணித்துறைன்னா ஆத்துக்கும் அதுதான், சாலைக்கும் அதுதான். ஒரே ஆபீஸ்ல வாய்க்கால் கணக்கும் ரோட்டுக் கணக்கும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். 1946 ஏப்ரல்ல நெடுஞ்சாலைத் துறையைத் தனியா பிரிச்சாங்க. ஊராட்சி ஒன்றிய ரோடுகள் இன்னொரு துறைக்குப் போச்சு. 2021ல நீர்வளத்துறையும் தனியா ஆயிடுச்சு. ஒவ்வொரு பிரிவினைக்கும் நியாயமான காரணம் இருந்திருக்கும். ஆனா ரோட்டுக்கு அடியில போற ஒரு குழாய்க்கு இன்னைக்கு மேல ஒரு துறை, ரெண்டு பக்கமும் இன்னொரு துறை. குழாயோட மட்டத்தை யார் முடிவு பண்றதுன்னு கேட்டா ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டுறார்.

ரோடு போடுறவங்களுக்குத் தண்ணி மேல ஒரு பயம் உண்டு. அது நியாயமான பயம்தான். 200 வருஷத்துக்கு முன்னாடி ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம், இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கத்து ரோடுகளைப் பார்த்துக்கிட்டவர், கண்டுபிடிச்ச விஷயமே அதுதான். பாரத்தைத் தாங்குறது மேல போடுற கல் இல்ல, அடியில இருக்குற மண். அந்த மண் காய்ஞ்சு இருக்குற வரைக்கும் எந்தப் பாரத்தையும் தாங்கும், நனைஞ்சா போச்சு. அதனால தண்ணியை ரோட்டுக்கிட்ட நிக்க விடக்கூடாது. ஆனா ரோட்டுக்கு எது ஆபத்தோ அதுவேதான் பயிருக்கும் ஆபத்து. வடிகால் சரியா இருந்தா ரெண்டும் பிழைக்கும். இதுல சண்டைக்கு எங்க இடம் இருக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

சரி, குழாய்க்கு வருவோம். ஸ்காட்லாந்துல இருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன ஜான் ஜான்ஸ்டன்னு ஒரு விவசாயி. நியூயார்க் மாநிலத்துல ஜெனீவாங்கற ஊர்ல நிலம். களிமண் நிலம், தண்ணி வடியாது. எங்க கதைதான். அவர் சொந்த ஊர்ல வயலுக்கு அடியில சுட்ட மண் குழாயைப் புதைச்சு தண்ணியை வடிப்பாங்க. 1835ல அந்தக் குழாயோட மாதிரியை ஸ்காட்லாந்துல இருந்து வரவழைச்சு, பக்கத்துல ஒருத்தரை வச்சு கையாலேயே செய்ய வச்சு, 1838ல தன் நிலத்துல புதைச்சார். அக்கம்பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்களாம், மனுசனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, சட்டிபானையை மண்ணுல புதைக்கிறான்னு. கோதுமை விளைச்சல் ஏறினதும் சிரிப்பு நின்னுச்சு. கடைசியில தன் 320 ஏக்கர்ல 72 மைல் நீளத்துக்குக் குழாய் போட்டிருந்தார். 72 மைல்னா ஏறக்குறைய 116 கிலோமீட்டர். அமெரிக்காவுல இன்னைக்கும் அவரை வயல் வடிகால் முறையோட தகப்பன்னு சொல்றாங்க.

அவர் பார்த்து அந்தப் பழக்கம் மேற்கே பரவி, அயோவா மாநிலத்துக்குப் போச்சு. அயோவாவோட வடபகுதி அப்போ சதுப்பு நிலம். இன்னைக்கு அங்க மக்காச்சோளமா விளையுதுன்னா அது பூமிக்கு அடியில புதைச்ச குழாய்களால. முதல்ல சின்ன சுட்ட மண் குழாய். அப்புறம் பல பேரோட நிலத்துத் தண்ணியை ஒண்ணா சேர்த்துக் கொண்டு போக பெரிய குழாய், ஆழமான பள்ளம். அங்கதான் சிக்கல் வந்துச்சு. பெரிய குழாய்கள் மண்ணுக்குள்ளேயே விரிசல் விட்டு நொறுங்க ஆரம்பிச்சது. மண் குழாயும் உடைஞ்சுச்சு, புதுசா வந்த சிமெண்ட் குழாயும் உடைஞ்சுச்சு. விவசாயிங்க பணத்தைக் கொட்டி வெட்டின பள்ளம். யார் மேல தப்பு? குழாய் செஞ்சவன் பள்ளம் வெட்டினவனைச் சொன்னா, பள்ளம் வெட்டினவன் குழாயைச் சொல்வான். இது எந்த நாட்டுலயும் ஒரே மாதிரிதான் போல.

இதைத் தீர்த்து வச்சவர் ஆன்சன் மார்ஸ்டன். அயோவா மாநிலக் கல்லூரியில பொறியியல் பிரிவோட தலைவர். 1904ல அந்த மாநிலத்துக்கு நெடுஞ்சாலை ஆணையம் அமைச்சப்போ, அந்தப் பொறுப்பை அந்தக் கல்லூரிகிட்டேயே கொடுத்தாங்க. ஆணையர்கள் ரெண்டு பேர். ஒருத்தர் பொறியியல் தலைவர் மார்ஸ்டன். இன்னொருத்தர் யாருன்னு நினைக்கிறீங்க? விவசாயப் பிரிவோட தலைவர் சார்லஸ் கர்டிஸ். ரோட்டுக்கு ஒருத்தர், வயலுக்கு ஒருத்தர், ஒரே மேசை. இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு.

மார்ஸ்டனும் ஆண்டர்சனும் சேர்ந்து 1913ல ஒரு அறிக்கை போட்டாங்க. பள்ளத்துல இருக்குற குழாய் மேல எவ்வளவு பாரம் வருதுங்கறதைப் பத்தி. அதுக்கு முன்னாடி வரைக்கும், குழாய்க்கு மேல எவ்வளவு மண் இருக்கோ அவ்வளவும் குழாய் தலையிலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. இல்லன்னு இவங்க நிரூபிச்சாங்க. குறுகலான பள்ளத்துல, திரும்ப நிரப்பின மண் கீழ இறங்கப் பார்க்கும். ரெண்டு பக்கமும் இருக்குற வெட்டாத மண் அதை உரசிப் பிடிச்சுக்கும். அதனால பாரத்துல ஒரு பங்கைப் பக்க மண்ணே சுமந்துடும். பள்ளம் அகலமானா இந்த உதவி குறைஞ்சு போகும். ஆழமான பள்ளத்துல பாரம் அகலத்தோட இருமடி கணக்குல ஏறும். ரெண்டு அடி வெட்ட வேண்டிய இடத்துல மூணு அடி வெட்டினா, பாரம் ஒன்றரை மடங்கு இல்ல, ரெண்டே கால் மடங்கு பக்கம் போகும். பொக்லைன் வச்சு அஞ்சே நிமிஷத்துல அகலமா வாரிப் போட்டுட்டுப் போறாங்களே, அதுல என்ன நடக்குதுன்னு 1913லயே எழுதி வச்சாச்சு.

தரை மேல குழாயை வச்சு, சுத்தி மண்ணை ஏத்தி ரோடு போட்டா நிலைமை இதுக்குத் தலைகீழ். பக்கத்து மண் அதிகமா அமுங்கி, குழாய்க்கு மேல இருக்குற மண்ணையும் கீழ இழுக்கும். அப்போ குழாய் தலையில தன் பங்கைவிடக் கூடுதலான பாரம் ஏறும். எங்க ஊர் ரோடெல்லாம் இந்த வகைதான், மேடு கட்டிப் போட்ட ரோடு.

அதே ஆராய்ச்சியில வந்த இன்னொரு விஷயம் குழாய்க்கு அடியில போடுற படுக்கை. தட்டையான கெட்டித் தரையில உருளைக் குழாயை அப்படியே வச்சா, அது ஒரே கோட்டுலதான் தரையைத் தொடும். எல்லாப் பாரமும் அந்தக் கோட்டுல. குழாயோட வளைவுக்கு ஏத்த மாதிரி தரையைக் குழிச்சு, ரெண்டு பக்க இடுக்குலயும் மண்ணைத் திணிச்சு இறுக்கினா, அதே குழாய் கூடுதலா தாங்கும். பொறியாளர்கள் இதுக்கு ஒரு எண் வச்சிருக்காங்க. தொழிற்சாலையில நசுக்கிப் பார்த்தப்போ தாங்குன பாரத்தோட, படுக்கை சுமாரா இருந்தா 1.1 மடங்கு, சாதாரணமா இருந்தா 1.5, நல்லா போட்டா 1.9. கான்கிரீட் தொட்டில் மாதிரி கட்டினா இன்னும் மேல. ஒரே குழாய், ஒரே விலை. பலம் மட்டும் போடுற ஆளைப் பொறுத்து மாறுது. டீக்கடைப் பட்டிமன்றத்துல ரெண்டு கட்சியுமே இதைப் பேசல.

இப்போ நம்ம யூம் பைப்பு. கிராமத்துல சிமெண்ட் குழாய்க்கு அதுதான் பேரு. யூம்ங்கறது ஏதோ இங்கிலீஷ் வார்த்தைன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது ஒரு ஆளோட பேரு. வால்டர் ஹியூம். ஆஸ்திரேலியாக்காரர். அவரும் அவர் சகோதரர் எர்னஸ்ட்டும் இரும்பு வேலி போடுற தொழில்ல இருந்தவங்க. 1910ல ஒரு முறையைக் கண்டுபிடிச்சாங்க. இரும்பு அச்சைப் படுக்க வச்சு வேகமா சுத்த விட்டு, உள்ளே கான்கிரீட்டைப் போடுறது. சொம்புல தண்ணியை எடுத்துக் கையை வீசிச் சுத்தினா தண்ணி கீழ சிந்தாம அடியோட ஒட்டிக்கும் பாருங்க, அதே தத்துவம். கான்கிரீட் அச்சுச் சுவரோட போய் அப்பிக்கும். கனமான ஜல்லியும் சிமெண்டும் வெளிப்பக்கம் போக, கூடுதல் தண்ணி உள்பக்கம் பிதுங்கி வந்துடும். கையால இடிச்சு வார்க்கிற குழாயைவிட கெட்டியான குழாய் கிடைக்கும். நடுவுல கம்பிக்கூடு.

1926ல வால்சந்த் ஹிராசந்த் இந்தத் தொழிலை பம்பாய்ல கம்பெனியா ஆரம்பிச்சார். அப்புறம் நாடு முழுக்கப் பரவி, கம்பெனி பேரு குழாய் பேராவே ஆகிப் போச்சு. சிங்கப்பூர்லயும் அவங்க தொழிற்சாலை இருந்துச்சு. அங்க இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: 2025 பிப்ரவரியில திறந்தாங்களே ஹியூம் ரயில் நிலையம், அந்தப் பேரு இந்தக் குழாய்க்காரரோடதுதான்.

யூம் பைப்புல சாதி இருக்கு. ஐ.எஸ். 458ங்கற தர விதியில என்.பி.2, என்.பி.3, என்.பி.4னு வரும். என்.பி.ன்னா உள்ளே அழுத்தம் இல்லாம தண்ணி தானா ஓடுற குழாய். பார்க்க எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா என்.பி.3யோட சுவர் என்.பி.2வைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு தடிமன். பாரம் அதிகம் வராத வடிகாலுக்கு என்.பி.2 போதும். லாரி, அறுவடை மிஷின் போற ரோட்டுக்கு அடியில என்.பி.3, என்.பி.4 தான் போடணும். குழாய் வந்து இறங்குறப்போ அதோட வாயில ஒரு டேப்பை வச்சு சுவர் தடிமனை அளந்து பாருங்க. ஒரு மீட்டர் குழாய்னா நாலரை அங்குலம் இருக்கணும். அது ரெண்டு ரெண்டரை அங்குலம்னா, ஆள் ஏமாத்துறார்னு அர்த்தம். இதுக்குப் பொறியியல் பட்டம் தேவையில்ல.

நெளிவு வச்ச தகரக் குழாய்னு ஒண்ணு. இங்க அவ்வளவா பார்க்க முடியாது. 1896ல அமெரிக்காவோட இண்டியானா மாநிலத்துல, கிராபோர்ட்ஸ்வில்ங்கற ஊரோட நகரப் பொறியாளர், கூட ஜேம்ஸ் வாட்சன்னு ஒரு தகர வேலைக்காரர், ரெண்டு பேரும் சேர்ந்து உரிமம் வாங்கினது. மெல்லிசு தகரத்தை நெளிச்சா பலம் கூடும், எடை கம்மி, தூக்கிட்டுப் போறது சுலபம். ஆனா நெளிவு தண்ணியை உரசும். வழவழப்பான சிமெண்ட் குழாய்ல போறதுல ஏறக்குறைய பாதித் தண்ணிதான் அதே அளவு நெளிவுத் தகரத்துல போகும். எங்க உப்பு மண்ணுல துரு வேற. அதனால இங்க அது பேச்சே வேணாம்.

ஆனா அந்தத் தகரக் குழாயால ஒரு பெரிய விஷயம் தெரிய வந்துச்சு. கணக்குப்படி பார்த்தா அந்த மெல்லிசு தகரம் அவ்வளவு பாரத்தைத் தாங்கவே கூடாது. தாங்குச்சு. ஏன்? மார்ஸ்டனோட மாணவர் மெர்லின் ஸ்பாங்ளர் வருஷக்கணக்கா சோதிச்சுப் பார்த்து 1941ல எழுதினார். வளையற குழாய் மேல பாரம் விழுந்தா அது கொஞ்சம் தட்டையாகும். தட்டையானா பக்கவாட்டுல புடைக்கும். புடைச்சா பக்கத்து மண்ணைத் தள்ளும். மண் திருப்பித் தள்ளும். அந்த எதிர்த்தள்ளல்தான் குழாயைக் காப்பாத்துது. எங்க பாட்டி காலத்துல விதைக்கோட்டை கட்டுவாங்க. வைக்கோல் பிரியைச் சுத்தி, உள்ள விதைநெல்லை இறுக்கமா அடைச்சு. வைக்கோலுக்குன்னு தனியா என்ன பலம்? உள்ள இருக்குற நெல்லுதான் அதைக் கல்லு மாதிரி ஆக்கும். தளர்வா அடைச்சா கோட்டை துவண்டு போகும். வளையற குழாய்க்கு அந்த நெல்லு வெளியில இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளாஸ்டிக் குழாய் இந்தத் தகரக் குழாயோட பேரன். 1953ல ஜெர்மனியில கார்ல் ஸீக்லர் கண்டுபிடிச்ச முறையில வந்தது எச்.டி.பி.இ.ங்கற கெட்டி பாலித்தீன். இப்போ ரோட்டுக்கு வர்றது ரெட்டைச் சுவர் குழாய், வெளியில நெளிவு, உள்ள வழவழப்பு. தகரத்தோட குறை ரெண்டும் இதுல இல்ல. துருப்பிடிக்காது, தண்ணியை உரசாது. எடையைப் பாருங்க. ஒரு மீட்டர் விட்டம் உள்ள என்.பி.3 சிமெண்ட் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் வரும். பிளாஸ்டிக்ல அதுல பத்துல ஒரு பங்குகூட வராது. நகரத்துல சாக்கடைக்கு இது ரொம்ப நல்லது. சாக்கடையில வர்ற ஆவியைச் சில நுண்ணுயிர்கள் அமிலமா மாத்தி, சிமெண்ட் குழாயோட உள்கூரையை அரிச்சுடும். 1945லயே மெல்போர்ன்ல ஒரு ஆராய்ச்சியாளர் இதைக் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கார். பிளாஸ்டிக்கை அந்த அமிலம் ஒண்ணும் செய்யாது. அதனால உங்க தெருவுல பிளாஸ்டிக் புதைச்சா சண்டை போடாதீங்க.

எங்க ஊருக்கு அது சரிப்படுமா? எனக்குச் சந்தேகம்தான். பலமே பக்கத்து மண்ணுல இருக்குற குழாய் அது. எங்க மண் கோடையில பாளம் பாளமா வெடிச்சு, மழையில உப்புற களிமண். தோண்டின களிமண்ணையே கட்டி கட்டியா திரும்பத் தள்ளி மூடினா, அடுத்த வருஷம் குழாய் முட்டை மாதிரி ஆயிடும். மணலோ கிராவலோ கொண்டு வந்து, அரை அடி அரை அடியா போட்டு ரெண்டு பக்கமும் சமமா இடிக்கணும். செய்வாங்களா? மூடுறதுக்கு முன்னாடி மழை வந்து பள்ளத்துல தண்ணி நின்னா, காலிக் குழாய் தெப்பம் மாதிரி மிதக்கும். அதோட, ரோட்டோரக் குப்பையைக் கொளுத்துற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கே, குழாய் வாய்கிட்ட ஒரு நாள் தீ வச்சா போதும். பிளாஸ்டிக் மேல எனக்குக் கோபம் ஒண்ணுமில்ல. என் போர்செட்டுல இருந்து வயல் வரைக்கும் அதுதான் ஓடுது.

சிமெண்ட் குழாயோட கதையும் இங்க ஒழுங்கா நடக்கல. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எங்க வடிவாய்க்கால்ல செங்கல் வளைவு மதகுதான் இருந்துச்சு. 2008 நிஷா புயல் மழையில மூணு நாளுக்குள்ள தண்ணியை வடிச்சு விட்ட மதகு. ரோடு போடுறப்போ, பழசு, பாரம் தாங்காதுன்னு அதை இடிச்சுட்டு, 600 மில்லிமீட்டர் யூம் பைப்பு ரெண்டு வரிசை போட்டாங்க. போட்ட காண்ட்ராக்டர் யாருங்கறது இப்போ முக்கியமில்ல. வெறும் களிமண் மேல உருட்டி விட்டு மூடினாங்க. ஒரு குழாய் நடுவுல அமுங்கி, இணைப்பு விட்டுப் போச்சு. வெங்காயத்தாமரை வந்து ரெண்டு வாயையும் அடைக்கும். 600 மில்லிமீட்டர் குழாய்க்குள்ள ஆள் நுழைஞ்சு தூர் வார முடியாது. ஒவ்வொரு கார்த்திகையும் மேலப் பக்கத்து நாப்பது ஏக்கர்ல தண்ணி நிக்கும். மூணு தடவை மறு நடவு செஞ்ச குடும்பங்கள் இருக்கு. ரெண்டு பேர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டுத் திருப்பூர் போயிட்டாங்க.

ரெண்டு 600ன்னா ஒரு 1,200 மாதிரிதானேன்னு அப்போ சொன்னாங்க. அது தப்புக் கணக்கு. நிரம்பி ஓடுற ஒரு மீட்டர் குழாய், அதே வாட்டத்துல இருக்குற 600 மில்லிமீட்டர் குழாயைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு தண்ணியைக் கொண்டு போகும். விட்டம் ஒன்றே முக்கால் மடங்குகூட இல்ல, தண்ணி நாலு மடங்கு. அப்படின்னா ரெண்டு சின்னக் குழாய் சேர்ந்தாலும் ஒரு பெரிய குழாயில பாதிதான்.

அப்போ ஏன் ஒரு மீட்டர் போடல? இதுக்கு நான் ரொம்ப நாளா லஞ்சம்னு காரணம் சொல்லிக்கிட்டு இருந்தவங்களைத்தான் பார்த்திருக்கேன். போன மாசம் ஒரு பெரிய அளவுகோலும் கயிறுமா நாங்க நாலு பேர் போய் அளந்தோம். வடிவாய்க்கால் தரையில இருந்து ரோட்டு மேல்மட்டம் வரைக்கும் 1.6 மீட்டர். ஒரு மீட்டர் குழாய் போட்டா, மேல் சுவர் 11 செ.மீ.க்கு மேல, அதுக்கு மேல குறைஞ்சது 60 செ.மீ. மண் இருக்கணும். இல்லன்னா சக்கரத்தோட இடி நேரா குழாய் தலையில இறங்கும். கூட்டினா 1.7 தாண்டுது. இடம் பத்தல. இடம் பத்தாததாலதான் சின்னக் குழாய். காகிதத்துல அது சரி. வயல்ல அது நாப்பது ஏக்கர்.

இந்த இடத்துக்குக் குழாயே பொருந்தாதுங்கறதுதான் விஷயம். சிமெண்டா பிளாஸ்டிக்காங்கற கேள்விக்கு முன்னாடி, மேல போதுமான மண் உயரம் இருக்கான்னு கேட்டிருக்கணும். உயரம் இல்லாத இடத்துல தட்டையான மேல்தளம் வச்ச கான்கிரீட் பெட்டிதான் சரி. பாக்ஸ் கல்வெர்ட்னு சொல்றாங்க. அது மேல மண் இல்லாமலேயே வண்டி ஓடலாம். அகலம் ரெண்டு மீட்டர் வச்சா வெங்காயத்தாமரை சிக்காது, ஆள் குனிஞ்சு உள்ள போய் வாரலாம். செலவு கூடத்தான். உப்பு மண்ணுங்கறதால கம்பிக்கு மேல சிமெண்ட் பூச்சுத் தடிமனைக் குறைக்கவே கூடாது. ரோட்டோட மத்த மூணு இடத்துல, பாசன வாய்க்கால் கடக்குற இடத்துல, மேல உயரம் நிறைய இருக்கு. அங்க என்.பி.3 குழாய் தாராளமா போடலாம், அடியில மணல் படுக்கையோட.

அக்டோபர் 2 கிராம சபையில இதைத் தீர்மானமா எழுதிக் கொடுத்தோம். இன்னது வேணும்னு மட்டும் இல்ல, அளந்த மட்டத்தையும் படம் போட்டு இணைச்சோம். ரோட்டுத் துறையில இருந்து ஒரு இளவயசுப் பொறியாளர் வந்து, லெவல் மிஷின் வச்சுத் தானே அளந்தார். எங்க கணக்குக்கும் அவர் கணக்குக்கும் நாலு செ.மீ. வித்தியாசம். வாய்க்கால் துறையில இருந்தும் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லியிருக்கார். வடிவாய்க்காலைப் பிற்பாடு தூர் வாரினா தரை இன்னும் அரை அடி கீழ போகும், பெட்டியோட அடித்தளத்தை அந்த மட்டத்துக்கு இப்பவே வைக்கணும்னு அவர்கிட்ட சொல்லி அனுப்பினேன்.

வேலை நடந்தா தை அறுப்பு முடிஞ்சு மாசியில ஆரம்பிக்கணும். ஜூன் 12ல மேட்டூர் திறந்தா கடைமடைக்குத் தண்ணி வர்றதுக்குள்ள கான்கிரீட் போட்டு, ஈரச்சாக்கு கட்டி, மண் நிரப்பி இடிச்சு முடிச்சிருக்கணும். அதுக்குள்ள டெண்டர் விடுறாங்களான்னு பார்க்கணும்.